சிக்னல் போனாலே நெஞ்சு அடைக்கிறது

அன்புள்ள மேடம்,

எனக்குக் குடியாத்தம். வங்கதேசத்தில் குமில்லா ஊரில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் படிக்கிறேன். நீட்டில் தகுதி பெற்றும் இங்கே அரசு இடம் கிடைக்கவில்லை, தனியார் கல்லூரிக் கட்டணம் எங்களால் முடியாது. அப்பா லுங்கி வியாபாரம். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து, கல்விக் கடன் வாங்கி என்னை அனுப்பினார்.

2024 ஜூலையில் அங்கே மாணவர் போராட்டம் வெடித்தபோது ஹாஸ்டலில்தான் இருந்தேன். 18ஆம் தேதி இரவு இன்டர்நெட் சுத்தமாக நின்றுவிட்டது. அப்புறம் ஊரடங்கு. வெளியே சத்தம் கேட்கும், என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. அம்மாவுக்கு லைன் கிடைக்கவே இல்லை. கடைசியில் ஒரு வண்டியில் அக்கௌரா எல்லை வரை கொண்டுவந்து விட்டார்கள். அகர்தலா வழியாக வீடு வந்து சேர்ந்தேன். நிலைமை அடங்கியதும் திரும்பிப் போனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் இப்போது வைஃபை நின்றாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை ஜில்லிட்டு, மூச்சு முட்டி, செத்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் மட்டும் அடங்குவதில்லை. ராத்திரி போனைக் கையில் பிடித்தபடியே படுக்கிறேன். டிவியில் வங்கதேசம் என்று ஏதாவது வந்தால் போதும், அம்மா அழுதுகொண்டே கூப்பிடுவார்கள். "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுவேன். அறைத் தோழி கொடுத்த தூக்க மாத்திரையைச் சில நாள் போட்டுப் பார்த்தேன். ஐட்டம் எல்லாம் பெண்டிங் விழுகிறது (சின்னச் சின்னப் பகுதியாக நடக்கும் வாய்மொழித் தேர்வை அங்கே ஐட்டம் என்பார்கள்). வார்டில் நோயாளிகளிடம் வங்காளியில் பேசும் நேரம்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

இப்போது விடுமுறையில் வந்திருக்கிறேன். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அழுகையாக வந்தது. படித்து முடித்து வந்தாலும், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு இருக்கிறது, அதில் நிறையப் பேர் தேறுவதில்லை. இப்போதே விட்டுவிட்டு இங்கே ஏதாவது பி.எஸ்சி. சேர்ந்துவிடலாமா? அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

பெயர் வேண்டாம், குடியாத்தம்.

*

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உடம்பில் வரும் பயம் ஒன்று, படிப்பைத் தொடர்வதா என்பது இன்னொன்று. முதலாவதைக் கவனிக்காமல் இரண்டாவதை முடிவு செய்யாதே.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் பேனிக் அட்டாக் போலத் தெரிகிறது. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக ஓடும், மூச்சு மேல்மூச்சாக வாங்கும். நீயே பிசியாலஜியில் படித்ததுதான். 2024 ஜூலையில் நெட் நின்றபோது உண்மையிலேயே ஆபத்து இருந்தது. ஊரடங்கும் வெளியே கேட்ட சத்தமும் நெட் நின்றதும் உன் உடம்புக்குள் ஒன்றாகப் பதிந்துவிட்டன. அதனால் இன்று வெறும் வைஃபை கோளாறுக்கும் உடம்பு அதே மாதிரி துடிக்கிறது. இது கோழைத்தனம் இல்லை, பைத்தியமும் இல்லை. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே குணமாகும்.

மறுபடி வந்தால் எதிர்த்துச் சண்டை போடாதே. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடு. உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், இதுவரை ஒவ்வொரு தடவையும் இறங்கியிருக்கிறது அல்லவா? ராத்திரி போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வை. சிக்னல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். ஆனால் 'பார்த்ததால்தான் தப்பித்தேன்' என்று மூளை கணக்கு வைத்துக்கொள்ளும், பயம் வளரும். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். தோழி கொடுக்கும் மாத்திரை இனி வேண்டவே வேண்டாம், அதைப் போட்ட விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லிவிடு.

ஆமாம், கிளம்புவதற்கு முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது, குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதற்குப் பேர் போன இடம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள். நடு ராத்திரியில் தாங்க முடியாமல் போனால், இங்கே இருக்கும்வரை 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) கூப்பிடு. தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

அப்பாவிடம் படிப்பை விடுகிற பேச்சை முதலில் எடுக்காதே. எடுத்தால் அவர் காதில் கடன் மட்டும்தான் விழும், உன் கஷ்டம் விழாது. "அப்பா, எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது. வேலூர் போய் டாக்டரைப் பார்க்கணும், நீங்களும் கூட வாங்க" என்று சொல். பத்திரத்தையே வைத்து அனுப்பிய மனிதர், மகளின் உடம்பு என்றால் கடையைப் பூட்டிவிட்டு வருவார் என்றே நான் நம்புகிறேன்.

அம்மாவோடு வேறு பேச்சு. தினமும் ஒரு நேரம் குறித்துக்கொண்டு அப்போது மட்டும் பேசுங்கள். டிவி பார்த்ததும் கூப்பிடக் கூடாது என்று அன்பாகவே சொல்லிவிடு. நெட் போனால் என்ன செய்வது என்று இப்போதே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடு. டாக்காவில் இந்தியத் தூதரகம், சிட்டகாங்கில் துணைத் தூதரகம், இரண்டு எண்களையும் அதில் எழுது. நீயும் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள். உள்ளூர் சிம்மில் வெளிநாட்டு அழைப்புக்குப் பணம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் கொஞ்சம் ரொக்கமும் ஒரே பையில் இருக்கட்டும். "நல்லா இருக்கேம்மா" என்ற பதிலைவிட இந்தத் தாள் அம்மாவுக்கு அதிக தைரியம் கொடுக்கும்.

இனி படிப்பு. இங்கே டாக்டராகப் பதிவு செய்ய, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் வருட விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிப்பையும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். நடுவில் இந்தியக் கல்லூரிக்கு மாற வழி இல்லை. இப்போது விட்டால் இதுவரை படித்ததும் போகும். அதற்காக விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தூங்கி, படபடப்பு குறைந்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அது உன் உரிமை, அப்போது அப்பாவோடு உட்கார்ந்து கடனையும் கணக்குப் போடலாம். எஃப்.எம்.ஜி.இ. கஷ்டம்தான், மறுக்கவில்லை. 300 கேள்விகளில் 150 சரியாக இருக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. அதற்கான படிப்பை மூன்றாம் வருடத்திலேயே ஆரம்பிக்கலாம். ஆனால் தூக்கம் இல்லாத மூளையில் எந்தப் பாடமும் நிற்காது. ஐட்டம் பெண்டிங் விழுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம்.

வார்டில் நிம்மதி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும்போது உன் பயம் குறைகிறது என்றால், மருத்துவம் உனக்குப் பிடிக்காமல் போகவில்லை. வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றி எத்தனை கடைகளில் வங்காளிப் பலகை, எத்தனை லாட்ஜுகளில் வங்கதேசத்துக் குடும்பங்கள் என்று நீயே பார்த்திருப்பாய். அவர்கள் மொழியிலேயே நோயைக் கேட்டறியும் தமிழ் டாக்டர் இங்கே எவ்வளவு தேவை!

விமான டிக்கெட் தேதியை நினைத்து அவசரப்படாதே. இன்னும் கொஞ்ச நாள் இருந்து சிகிச்சை எடுக்கச் சொன்னால், டாக்டரிடம் எழுத்தில் சான்று வாங்கிக் கல்லூரிக்கு உடனே அனுப்பிவிடு. வருகைப்பதிவு குறைந்துவிட்ட பிறகு கொடுத்தால் கேள்விகள் வரும். போகலாம் என்று சொன்னால், அங்கிருந்தபடியே வீடியோவில் ஆலோசனையைத் தொடர முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்.