கேள்வி பதில்: வெள்ளைச் சாயம் உண்மையிலேயே சுரண்டப்பட்டதா?

கேள்வி: கார் பந்தய வரலாற்றைப் பற்றிய நூல்களைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். 1934-இல் மெர்சிடிஸ் கார்களின் வெள்ளைச் சாயத்தை ஒரே இரவில் சுரண்டி எடுத்ததால்தான் அவை 'வெள்ளி அம்புகள்' என்று பெயர் பெற்றன என்கிறது ஒரு நூல். அது வெறும் கட்டுக்கதை என்கிறது இன்னொரு நூல். எதை நம்புவது?

பதில்: இரண்டாவது நூலைத்தான். ஆனாலும் முதல் நூலை ஒதுக்கிவிட வேண்டாம்.

கிராண்ட் பிரீ எனப்படும் உயர்மட்டப் பந்தயங்களில் ஓடும் கார்களின் எடை, ஓட்டுநர், எரிபொருள், எண்ணெய், டயர் ஆகியவற்றைக் கழித்து, 750 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதி 1934-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 3 அன்று நூர்பர்க்ரிங்கில் நடந்த ஐஃபெல் பந்தயத்துக்கு முந்தைய நாள் எடை போட்டபோது மெர்சிடிஸ் டபிள்யூ 25 கார் 751 கிலோ இருந்ததாகவும், பந்தயங்களில் ஜெர்மனிக்குரிய நிறமான வெள்ளைச் சாயத்தை அணி மேலாளர் ஆல்ஃபிரட் நாய்பவர் இரவோடு இரவாகச் சுரண்ட வைத்ததாகவும், மறுநாள் அலுமினியம் பளபளக்க ஓடிய அந்தக் காரில் மான்ஃப்ரெட் ஃபான் பிராவ்ஷிட்ச் வென்றதாகவும் கதை சொல்கிறது. அவர் வென்றது உண்மை. மற்றவற்றைப் பரப்பியதில் பெரும் பங்கு நாய்பவர் 1958-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளுக்கு உண்டு. அதாவது, நிகழ்ச்சி நடந்து 24 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவற்றுக்கு.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளையும் படங்களையும் எடுத்து வைத்துச் சரிபார்த்தார்கள். அந்தப் பந்தயம் 750 கிலோ வரம்புக்கு உட்படாத, கட்டற்ற விதிப் பந்தயம் என்று அவர்கள் காட்டினார்கள். எனக்கு அதைவிட வலுவாகத் தோன்றுவது வேறொரு சான்று. அதற்கு ஒரு வாரம் முன்பே, பெர்லின் ஆவுஸ் தடத்தில், போட்டி நிறுவனமான ஆட்டோ யூனியனின் கார்கள் வெள்ளி நிறத்தில்தான் ஓடின. அவற்றின் சாயத்தை எந்த இரவில் யார் சுரண்டினார்கள்? 1932-இல் அதே ஆவுஸில் இதே பிராவ்ஷிட்ச் வென்றதும் சாயம் பூசாத உலோக உடல் கொண்ட மெர்சிடிஸ் காரில்தான்.

நாய்பவர் கதை சொல்வதில் வல்லவர். அத்தகையவர்கள் ஒரே சம்பவத்தை ஒவ்வொரு விருந்திலும் கொஞ்சம் மெருகேற்றிக்கொண்டே போவது உலக வழக்கம்தானே. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டுநருக்குப் பலகையாலும் கொடியாலும் செய்தி சொல்லும் முறையை வளர்த்தவரும் அவரே. ஓர் அணி எப்படி இயங்கியது என்று தெரிந்துகொள்ள அவரை விட்டால் நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் படித்துப் பாருங்கள். இத்தாலியின் பொதுச் சாலைகளில் நடந்த 1955 மில்லே மில்யா பந்தயத்தில் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற செய்தியாளர். வழியின் திருப்பங்களையெல்லாம் குறித்து வைத்த, சுமார் 18 அடி நீளமுள்ள காகிதச் சுருளை ஒரு பெட்டியில் வைத்து உருட்டியபடி, இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் கைச்சைகையாலேயே அவர் மாஸுக்கு வழிகாட்டினார். அந்தப் பயணத்தை 'மோட்டார் ஸ்போர்ட்' இதழின் அடுத்த மாத வெளியீட்டிலேயே எழுதிவிட்டார். குமட்டலால் வெளியே தலையை நீட்டியபோது காற்று மூக்குக் கண்ணாடியைப் பறித்துச் சென்றதையும் அவர் மறைக்கவில்லை. பெருமை தராத இத்தகைய விவரங்கள் ஒரு நூலில் இருந்தால், அதன் மற்றப் பக்கங்களையும் நான் கூடுதலாக நம்புவேன்.

வெற்றிக் கதைகளைவிட விபத்துக் கதைகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட 1955 லே மான் பந்தய விபத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று அதில் ஓடிய மைக் ஹாத்தோர்ன் 1958-இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார். அப்படியானால் பழி தன்மேல் விழுகிறதே என்று அந்த விபத்தில் சிக்கிய இன்னொரு ஓட்டுநரான லான்ஸ் மேக்ளின் அவதூறு வழக்குத் தொடுத்தார். அது தீருமுன், 1959 ஜனவரியில், ஹாத்தோர்ன் சாலை விபத்தில் இறந்துபோனார்.

கேள்வி: பந்தய வரலாற்று நூல் வாங்கும்போது அது தரமானதா என்று கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: முதலில், நூல் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப் தொடங்கிய 1950-ஐயே தொடக்கமாகக் கொண்ட நூல்கள் ஏராளம். ஆனால் முதல் கிராண்ட் பிரீ லே மானில் நடந்தது 1906-இல், அதை ரெனோ காரில் வென்றவர் ஃபெரென்ஸ் சிஸ்.

அதற்கும் முந்தைய 1895 பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயம் நூலில் இருந்தால், அந்தப் பக்கத்தை அங்கேயே படித்துவிடுங்கள். எமில் லெவசோர் ஏறத்தாழ 1,180 கிலோமீட்டரை 49 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடந்து முதலில் வந்தார். அவர் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே ரூஃபெக் ஊரை அடைந்துவிட்டதால் மாற்று ஓட்டுநர் இன்னும் படுக்கையில் இருந்தார் என்பதும், அதனால் அவரே தொடர்ந்து ஓட்டினார் என்பதும் பெரும்பாலான நூல்களில் வந்துவிடும். லெவசோரின் காரில் இரண்டே இருக்கைகள் இருந்ததால், முதல் பரிசு மூன்றாவதாக வந்த கெஷ்லினின் நான்கு இருக்கைப் பெஜோ காருக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லும் நூல் கையில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.