சூட்டு உடம்பு இல்லை, சகோதரி

கேள்வி: என் வயது 51. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. நடுராத்திரியில் மார்பிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி, ரவிக்கை நனைந்துவிடுகிறது. அதைக்கூடச் சமாளிக்கிறேன். நீர்க்கடுப்புதான் தாங்க முடியவில்லை. ஆறு மாதத்தில் மூன்று தடவை மாத்திரை சாப்பிட்டேன். கடைசி பரிசோதனையில் கிருமியே இல்லை என்கிறார்கள். தாம்பத்தியமும் வலிக்கிறது. 'சூட்டு உடம்பு, இளநீர் குடி' என்கிறார் மாமியார்.
- பெயர் வேண்டாம், தேனி

பதில்: 'தாம்பத்தியமும் வலிக்கிறது' என்று நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் வருகிறவர்களும் மூட்டுவலி, தூக்கம் எல்லாம் சொல்லி முடித்து, சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டு, 'அப்புறம் டாக்டர், இன்னொண்ணு...' என்று திரும்புவார்கள். அந்த 'இன்னொண்ணு' பெரும்பாலும் இதுதான்.

பிறப்புறுப்பின் உள்தோலைத் தடிமனாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அங்கே அமிலத்தன்மையைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்களும் அதை நம்பித்தான் வாழ்கின்றன. சினைப்பை ஓய்ந்ததும் தோல் மெலிந்து, வறண்டு, லேசான உரசலுக்கே எரிகிறது. சிறுநீர்க் குழாயும் இதே ஹார்மோனுக்குப் பழகியதுதான். அதனால் கிருமி இல்லாமலே கடுக்கும். கிருமி தொற்றுவதும் சுலபமாகிவிடும்.

ராத்திரிச் சூடு வேறு கதை. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ், துளி வெப்பம் கூடினாலே பதறி, ரத்தக்குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. என் அம்மா தலையணைப் பக்கத்தில் ஈரத் துண்டோடுதான் படுப்பார். ஏன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தச் சூடு சில வருடங்களில் பலருக்குத் தணிந்துவிடும். வறட்சி அப்படியில்லை. சிகிச்சை எடுக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும்.

சோப்பு, கிருமிநாசினி போட்டு உள்ளே கழுவுகிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் ராத்திரி, பிறகு வாரம் இரண்டு நாள். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கே நாளில் கைவிட்டுவிடாதீர்கள். தாம்பத்தியத்துக்குத் தண்ணீர் கலந்த வழுக்கு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கிறது. கணவரிடம், 'எனக்கு விருப்பமில்லாமல் இல்லை, வலிக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். நிறைய ஆண்கள் வெறுப்பு என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

சர்க்கரையையும் ஒருமுறை பாருங்கள். நீர்க்கடுப்புக்கு அதுவும் காரணமாகலாம். அது சரியாக இருந்தால் மாமியார் தரும் இளநீரை நன்றாகக் குடிக்கலாம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மாதவிலக்கு நின்று 12 மாதம் கடந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், 'திரும்ப வந்துவிட்டது' என்று இருந்துவிடாமல், அந்த வாரமே போய் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.