ஜோக் எழுதுபவர் தொகுப்பாளர் ஆகலாமா?

கேள்வி: வார இதழ்களுக்கு ஜோக் எழுதி வருகிறேன். அமெரிக்காவின் கானன் ஓ'பிரையன் மேடையே ஏறாமல், எழுத்து வேலையிலிருந்து நேராக நள்ளிரவு நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஆனார் என்கிறார்கள். யூடியூபில் அப்படியொரு நிகழ்ச்சி நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கோவை

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை. கானன் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி, 'தி சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடர் இரண்டுக்கும் எழுதியவர். ஆனால் 1985இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனதுமே கிரவுண்ட்லிங்ஸ் என்ற நகைச்சுவை நாடகக் குழுவிடம் ஒத்திகையில்லாமல் அந்தக் கணத்தில் நடிக்கும் பயிற்சியும் எடுத்தார். நீங்களும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதி வைத்த ஜோக் எடுபடாதபோது கைகொடுப்பது அந்தப் பயிற்சிதான்.

1993 செப்டம்பரில், என்பிசி தொலைக்காட்சியின் 'லேட் நைட்' நிகழ்ச்சியில் முந்தைய தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன் விட்டுச்சென்ற இடத்தில் உட்கார்ந்தபோது கானனின் முகம் யாருக்கும் தெரியாது. விமர்சனங்கள் கடுமையாக இருந்தன. ஒரு கட்டத்தில் என்பிசி அவருக்கு 13 வாரம், 13 வாரமாகத்தான் நீட்டிப்பு தந்தது. அப்போதும் யாரையும் பார்த்து நகல் எடுக்காமல், துணைத் தொகுப்பாளர் ஆண்டி ரிக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் விசித்திரமான நகைச்சுவையையே அவர் தொடர்ந்தார். அந்த நிகழ்ச்சி 2009 வரை ஓடியது. உங்கள் முதல் 50 பகுதிகளுக்கு வரும் பார்வை எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இனி தினசரி வேலை. காலையில் பத்துச் செய்திகள் எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே வரியில் சுருக்கி, அதற்குச் சிரிக்க வைக்கும் மூன்று முடிவுகள் எழுதுங்கள். முப்பதில் ஐந்து தேறினால் நல்ல நாள். ஜோக் எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: செய்தியே பார்வையாளருக்குத் தெரியாது, அல்லது முன்கதை நீளம். தமிழில் மூன்றாவதும் உண்டு. வினைச்சொல் கடைசியில் வருவதால், சிரிக்க வைக்கும் சொல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. மக்கள் சிரிக்கத் தொடங்கும்போது நீங்கள் இன்னும் "என்று சொன்னாராம்" என்று இழுத்துக்கொண்டிருப்பீர்கள். 'யார் சொன்னார்' என்பதை முன்னால் போட்டுவிட்டு, அந்தச் சொல்லோடு வாக்கியத்தை நிறுத்துங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்தால் இது உடனே தெரியும்.

விருந்தினர் பேட்டியும் தற்செயலாக நடப்பதில்லை. அமெரிக்க நிகழ்ச்சிகளில் ஒரு தயாரிப்பாளர் முன்கூட்டியே விருந்தினரோடு பேசி, நல்ல சம்பவங்களைக் குறித்து, தொகுப்பாளரின் கையில் அட்டையாகத் தருவார். நீங்கள் தனி ஆள் என்றாலும் முந்தின நாள் 20 நிமிடம் போனில் பேசிவிடுங்கள். ஆறேழு நிமிடப் பேட்டிக்கு மூன்று சம்பவம் போதும். கேள்வியை அந்தச் சம்பவத்தின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: முடிவைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

ஏதாவது சேனலோடு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2009 ஜூனில், என்பிசியின் இன்னொரு இரவு நிகழ்ச்சியான 'டுநைட் ஷோ' கானன் கைக்கு வந்தது. ஏழே மாதத்தில் அதை இரவு 11.35 மணியிலிருந்து 12.05க்குத் தள்ள என்பிசி முயன்றது. அவருடைய ஒப்பந்தத்தில் ஒளிபரப்பு நேரம் எழுதப்படவில்லை. அவர் மறுத்து, சுமார் 4.5 கோடி டாலர் உடன்பாட்டோடு வெளியேறினார். அதில் ஒரு பகுதி அவருடைய ஊழியர்களுக்குப் போனது. 1993இல் லெட்டர்மேன் சேனல் மாறியபோதோ, அவர் நிகழ்ச்சியில் படித்துவந்த 'டாப் டென்' என்ற பத்து ஜோக் பட்டியல் தங்கள் சொத்து என்று என்பிசி உரிமை கோரியது. ஆகவே வெளியாகும் நாள், நேரம், நீங்கள் உருவாக்கும் பாத்திரங்களும் பகுதிப் பெயர்களும் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.