மதிக்கிறோம், ஆனால் மாறுபடுகிறோம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கென்யாவின் எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா 2025 அக்டோபரில் கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில் இறந்துபோன செய்திக்குப் பிறகுதான் அவரைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்த இடத்தில் காலை நடையின்போது மாரடைப்பு. எங்கள் ஊரிலிருந்து மலையிறங்கினால் போய்விடக்கூடிய இடம் என்பதால் ஓர் ஆர்வம்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. 2022 அதிபர் தேர்தலை எதிர்த்து அவர் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த அன்று, நீதிமன்றத்தின் கருத்தை மதிக்கிறோம், ஆனால் இன்றைய முடிவோடு கடுமையாக மாறுபடுகிறோம் என்று அறிக்கை விட்டிருக்கிறார். இது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் இல்லையா? தீர்ப்பு தப்பு என்றால் ஏற்கக் கூடாது, ஏற்றுக்கொண்டால் அதற்கப்புறம் குறை சொல்லக் கூடாது. ஆறு மாதம் கழித்து அவரே தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார். அப்படியானால் மதிக்கிறோம் என்றதற்கு என்ன அர்த்தம்? தோற்றவர் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
சே.
தேனி

அன்புள்ள சே.,

நான் அந்த அறிக்கையை உங்களுக்கு நேர்மாறாகப் பார்க்கிறேன். தீர்ப்புக்குக் கட்டுப்படுவது வேறு, அது சரியான தீர்ப்பு என்று ஒத்துக்கொள்வது வேறு. முதலாவதை நீதிமன்றம் எல்லாரிடமும் கேட்கலாம். இரண்டாவதைக் கேட்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஒரே அமர்வில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிகளே மாறுபட்ட தீர்ப்பு எழுதுகிறார்கள். வழக்கில் தோற்றவருக்கு மட்டும் ஏன் அந்த வாய்ப்பு இருக்கக் கூடாது?

கென்யாவில் அந்த ஒற்றை வாக்கியம் அவ்வளவு எளிதாகப் பிறந்துவிடவில்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால் உங்கள் கோபம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

1992 தேர்தலில் அதிபர் மோயிடம் தோற்றவர்களில் கென்னத் மதீபா ஒருவர். மோயின் ஆட்சியில் சிறையில் இருந்தபோது பக்கவாதம் வந்து உடல் முடங்கியவர். எழுத முடியாத நிலையில், மனைவிக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து அவர் கையெழுத்தில் தேர்தல் மனுவைத் தாக்கல் செய்தார். மனுதாரர் தன் கையால் கையெழுத்திடவில்லை என்று நீதிமன்றம் மனுவைத் தூக்கி எறிந்தது. தேர்தலில் முறைகேடு நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கே போகவில்லை. அடுத்த தேர்தல் 1997. இந்த முறை மோயிடம் தோற்று வழக்குப் போட்டவர் முவாய் கிபாகி. மனுவின் நகலை அதிபரின் கையில் நேரில் கொடுத்திருக்க வேண்டும், அரசிதழில் வெளியிட்டது செல்லாது என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள். சுற்றிலும் துப்பாக்கியோடு காவல் நிற்கும் ஒரு ஜனாதிபதியை நெருங்கி யார் நோட்டீஸ் கொடுப்பது? அதைப் பற்றி நீதிமன்றம் கவலைப்படவில்லை.

அதே கிபாகிதான் 2007 டிசம்பரில் அதிபர் நாற்காலியில் இருந்தார். எண்ணிக்கையில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஒடிங்கா கடைசியில் தோற்றதாக டிசம்பர் 30 அன்று அறிவிப்பு வந்தது. கொஞ்ச நேரத்திலேயே, இருட்டத் தொடங்கும் வேளையில், அதிபர் மாளிகையில் கிபாகி அவசர அவசரமாகப் பதவியேற்றார். கோர்ட்டுக்குப் போங்கள் என்று ஒடிங்காவிடம் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். நாடு பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். எல்டோரெட் நகரத்துக்குப் பக்கத்தில் கியாம்பாவில், தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். உண்மையில் யார் ஜெயித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் கணக்கு கெட்டுப்போயிருந்தது என்றுதான் பிற்பாடு விசாரித்த கிரீக்லர் கமிஷன் சொன்னது.

ஒடிங்கா அன்று நீதிமன்றம் போயிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் மதீபாவையும் கிபாகியையும் மறந்துவிடுகிறார்கள். கையெழுத்தைக் காட்டி ஒரு முறையும் நோட்டீஸைக் காட்டி ஒரு முறையும் கதவைச் சாத்திய இடத்துக்கு மூன்றாவது ஆளாகப் போ என்று சொல்வது நியாயமே இல்லை. கொலைகளுக்கு அவர் தரப்பும் பொறுப்பேற்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீதிமன்றம் போகாததற்காக அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் 2010 அரசியல் சட்டம் வந்தது. புதிதாக ஓர் உச்ச நீதிமன்றம் வந்தது. அதிபர் தேர்தல் முடிவை எதிர்ப்பவர் 7 நாளுக்குள் நேரே அங்கே மனு போட வேண்டும், 14 நாளுக்குள் அது தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மனு நிலுவையில் இருக்கும்வரை யாரும் பதவியேற்க முடியாது. இருட்டில் பதவியேற்பு நடத்தும் வழி அத்தோடு அடைபட்டது.

2013இல் முதல் சோதனை. உஹுரு கென்யாட்டாவுக்கு 50.07 சதவீதம். பாதியைத் தாண்டியது சுமார் 8,000 வாக்குகளில். அது மட்டும் குறைந்திருந்தால் இரண்டாம் சுற்று வந்திருக்கும். ஒடிங்கா வழக்குப் போட்டார். அவர் தரப்பு கொடுத்த 800 பக்கத்துக்கும் மேற்பட்ட பிரமாணப் பத்திரத்தை, தாமதமாக வந்தது என்று நீதிமன்றம் பார்க்கவே மறுத்தது. மார்ச் 30 அன்று ஆறு நீதிபதிகளும் ஒருமனதாகக் கென்யாட்டாவின் வெற்றியை உறுதிசெய்தார்கள். என்னைக் கேட்டால், ஒடிங்காவுக்கு உண்மையிலேயே மனக்குறைப்பட இடம் கொடுத்த தீர்ப்பு இதுதான். 14 நாள் கெடு இருக்கும் வழக்கில் ஆதாரத்தைத் தேதி பார்த்து ஒதுக்குவது, பழைய நோட்டீஸ் கதையின் நாகரிகமான வடிவம்தான். சட்ட அறிஞர்கள் பலர் அந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள்.

அன்று ஒடிங்கா என்ன செய்தார்? நீதிமன்றத்தின் சில முடிவுகளோடு தனக்கு உடன்பாடில்லை, ஆனால் அரசியல் சட்டத்தின் மேல் தனக்குள்ள நம்பிக்கை அதைவிடப் பெரியது என்று சொன்னார். கென்யாட்டாவுக்கு வாழ்த்துச் சொன்னார். ஆட்களைத் தெருவுக்குக் கூப்பிடவில்லை. அவருடைய சொந்தச் சீமையான கிசுமுவில் அன்று கலவரம் வெடித்தது, உயிர்ச்சேதமும் ஆனது. ஆனால் 2007 திரும்ப வரவில்லை. விசாரணை இல்லாமல் ஆறு வருஷம் அடைபட்டுக் கிடந்த மனிதர் அவர், அரசாங்கத்தை நம்ப அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. அதனால்தான் அந்த வார்த்தைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

2017 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுமார் 14 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் கென்யாட்டா ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஒடிங்கா தரப்பு முதலில், கோர்ட்டுக்குப் போக மாட்டோம் என்றது, பிறகு மனசு மாறிப் போனது. வழக்கு முழுக்க ஒரு காகிதத்தைச் சுற்றித்தான் நடந்தது. அதன் பெயர் படிவம் 34ஏ. பூத்தில் வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கேயே பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டையும் கட்சி ஏஜெண்டுகளுக்குத் தூக்கிக் காட்டி எண்ணுவார்கள். கூட்டுத்தொகையை 34ஏவில் எழுதி, ஏஜெண்டுகள் கையெழுத்திட்டு, ஒரு நகலைப் பூத்தின் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போவார்கள். அதைப் படம் எடுத்துக் கருவி வழியாகத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். தொகுதியில் கூட்டிப் போடுவது 34பி, நைரோபியில் கூட்டிப் போடுவது 34சி. எல்லா 34ஏவும் வந்து சேரும் முன்பே தேர்தல் ஆணையம் முடிவை அறிவித்திருந்தது. நீதிமன்றம் உத்தரவு போட்டு ஆவணங்களைப் பார்த்தபோது, சில படிவங்களில் இருக்க வேண்டிய பாதுகாப்பு அடையாளங்களைக் காணோம். சர்வரைத் திறந்து காட்டுங்கள் என்ற உத்தரவுக்கும் ஆணையம் முழுமையாகக் கட்டுப்படவில்லை. தேர்தல் என்பது ஒரு நாள் நிகழ்ச்சி இல்லை, ஆரம்பம் முதல் முடிவு வரையிலான ஒரு நடைமுறை என்று சொல்லி, செப்டம்பர் 1 அன்று நான்கு நீதிபதிகள் தேர்தலை ரத்து செய்தார்கள், இருவர் மாறுபட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஓர் அதிபரின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அன்று கென்யாட்டா தொலைக்காட்சியில் பேசியது என்ன தெரியுமா? இந்தத் தீர்ப்போடு தனிப்பட்ட முறையில் மாறுபடுகிறேன், ஆனால் மதிக்கிறேன் என்றார். ஒடிங்காவின் அதே வாக்கியம். ஆனால் அன்றைக்கே நைரோபியின் பர்மா சந்தையில் ஆதரவாளர்கள் நடுவே நின்று, தலைமை நீதிபதி மராகாவையும் அவரோடு சேர்ந்த நீதிபதிகளையும் அயோக்கியர்கள் என்று திட்டினார். இனிமேல் நீதித்துறையைக் கவனித்துக்கொள்கிறோம் என்று அடுத்த நாளே எச்சரித்தார். மறுதேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு துணைத் தலைமை நீதிபதியின் கார் ஓட்டுநரை யாரோ சுட்டார்கள். தேர்தலைத் தள்ளிவைக்கக் கேட்ட மனுவை விசாரிக்க வேண்டிய நாளில், மராகாவும் இன்னொரு நீதிபதியும் மட்டும்தான் வந்து உட்கார்ந்தார்கள். போதிய நீதிபதிகள் இல்லாமல் வழக்கு நின்றுபோனது. வாக்கியம் பொய்யாவது இப்படித்தான். மாறுபடுகிறேன் என்று சொன்னதால் அல்ல, நீதிபதிகளின் தலைக்கு மேல் கத்தியைத் தொங்கவிட்டதால்.

ஒடிங்காவும் அந்த முறை சறுக்கினார் என்றுதான் சொல்வேன். ஆணையத்தைச் சீர்திருத்தாமல் மறுதேர்தலில் நிற்க மாட்டேன் என்று விலகியது வரைக்கும் சரி, அதற்குக் காரணம் இருந்தது. 2018 ஜனவரி 30 அன்று உஹுரு பூங்காவில் மக்கள் அதிபர் என்று தானே உறுதிமொழி எடுத்துக்கொண்டதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அதற்கு முன் நவம்பரிலேயே நீதிமன்றம் மறுதேர்தலை ஒருமனதாக உறுதிசெய்துவிட்டது.

சரி, 2022. வில்லியம் ரூட்டோ 50.49 சதவீதம், ஒடிங்கா 48.85. வித்தியாசம் சுமார் 2,33,000 வாக்குகள். ஏழு ஆணையர்களில் நான்கு பேர் முடிவைத் தாங்கள் ஏற்கவில்லை என்று வெளியே வந்து சொன்னார்கள். அதைக் கேட்கும் எந்த வேட்பாளருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த முறை 46,000க்கும் மேற்பட்ட பூத்களின் 34ஏக்களை ஆணையம் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். படிவங்களை நடுவில் யாரோ மாற்றினார்கள் என்பதுதான் ஒடிங்காவின் முக்கியக் குற்றச்சாட்டு. நீதிமன்றம் மூலப் படிவங்களையும், ஏஜெண்டுகளிடம் இருந்த நகல்களையும், இணையத்தில் இருந்ததையும் ஒப்பிடச் சொல்லிப் பார்த்தது. பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. தலைமை நீதிபதி மார்த்தா கூமே தலைமையில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக மனுவைத் தள்ளினார்கள், கடுமையான வார்த்தைகளில். தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. 2017இல் இல்லாத ஒளிவு மறைவின்மை 2022இல் இருந்ததற்குக் காரணமே ஒடிங்கா முன்பு ஜெயித்த வழக்குதான். அந்த வகையில் தன் வெற்றியின் பலனாலேயே அவர் தோற்றார் என்றுகூடச் சொல்லலாம்.

2023 மார்ச்சில் தொடங்கிய போராட்டத்தில் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. மாவு விலை ஏறுகிறது, வரி ஏறுகிறது என்று ஆட்களைத் திரட்டுவது எதிர்க்கட்சியின் வேலை, தேர்தலில் தோற்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் கோரிக்கைகளோடு 2022 சர்வரைத் திற என்பதையும் சேர்த்தார். அங்கேதான் அவர் தன் வாக்கை மீறினார். நீதிமன்றம் பார்த்து முடித்துவிட்ட கேள்வியைத் தெருவில் திரும்பக் கேட்பது மாறுபடுவது ஆகாது. போலீஸின் துப்பாக்கிக்கு இளைஞர்கள் பலியானார்கள். விலைவாசிக்காகக் கூடிய கூட்டம் அது, பழைய வழக்கை அதன் தலையில் ஏற்றியிருக்க வேண்டாம்.

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். 2013இல் சொன்னதைத்தான், ஜெயித்தவருக்கு வாழ்த்தையும் சேர்த்து. 2022இல் அந்த வாழ்த்து வரவில்லை, ரூட்டோவின் பதவியேற்பு விழாவுக்கும் அவர் போகவில்லை. கானாவில் 2013 ஆகஸ்ட் 29 அன்று இதே மாதிரி வழக்கில் தோற்ற நானா அகுஃபோ அட்டோ, தீர்ப்போடு உடன்படவில்லை, ஆனால் ஏற்கிறேன் என்று அன்றைக்கே சொல்லி, அதிபர் மகாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்தினார். மறு ஆய்வு மனுவும் போடவில்லை. 2016 தேர்தலில் அவரே ஜெயித்தார். ஒடிங்காவுக்கு அந்த முடிவு வாய்க்கவில்லை. ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்று ஐந்து முறையும் தோற்றார்.

கென்யாவின் அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்டில். 2023 தொடக்கத்திலிருந்து ஆணையர்களே இல்லாமல் கிடந்த ஆணையத்துக்கு 2025 ஜூலையில்தான் ஆட்களைப் போட்டிருக்கிறார்கள். வாய்ப்பிருந்தால் 2017 தீர்ப்பைத் தேடி வாசியுங்கள். மிகவும் நீளம், ஆனால் சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறார்கள். மாறுபட்ட இரண்டு நீதிபதிகள் எழுதிய பகுதியையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பான்மையோடு நான் உடன்படுகிறேன் என்றாலும், அவர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

அன்புடன்.