நான்கு ஸ்க்ரூவில் முழுப் பல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பல் முழுவதும் போனவர்களுக்கு இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ, வைத்துக் கழற்றாத பல் கட்டுவது பற்றித் தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுத முடியாது. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

என் அப்பாவுக்கு 68 வயது. எட்டு ஆண்டுகளாகப் பல்செட் போடுகிறார். மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் பேசும்போதே எழும்பி வருகிறது. ‘நான்கே ஸ்க்ரூ, மூன்றே நாளில் முழுப் பல்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். நம்பலாமா? – பெரம்பூர் வாசகி

நம்பலாம். ஆனால் மூன்றாம் நாள் கைக்கு வருவது எந்தப் பல் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

நான்கு இம்ப்ளாண்டுகள் மீது ஒரு தாடையின் பல்வரிசை முழுவதையும் நிறுத்தும் முறையை லிஸ்பனைச் சேர்ந்த பாவ்லோ மாலோ 1990-களில் வகுத்தார். 2003-இல் அதன் முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட்டார். முன்பக்கம் இரண்டு நேராக இறங்கும். பின்பக்கம் இரண்டு, 45 டிகிரி வரை சாய்வாக இறங்கும். கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வெளியே வரும் இடம் ஒன்று உண்டு. மேல்தாடையில் மூக்கை ஒட்டிய காற்றறையான சைனஸ் அறை உண்டு. இரண்டையும் தொடாமல் கடைவாய்வரை பல்லை நீட்டத்தான் அந்தச் சாய்வு. நல்ல முறை, நாள்பட்ட ஆதாரம் உள்ள முறை.

எலும்புக்கு மட்டும் விளம்பரம் படிக்கத் தெரியாது. டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைந்துவிடுவதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க் 1952-இல் முயலின் காலெலும்பில் கண்டார். 1965-இல் முதல் நோயாளிக்கு இம்ப்ளாண்ட் வைத்தார். அந்த நோயாளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல், இறக்கும்வரை அதே இம்ப்ளாண்டுகளோடு சாப்பிட்டார். அந்தப் பிணைப்புக்குக் கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதங்களும், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதங்களும் பொதுவாகத் தேவைப்படுகின்றன. அதுவரை இம்ப்ளாண்ட் வெறும் மரையின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. வைக்கும்போது அந்த இறுக்கம் ஏறத்தாழ 35 நியூட்டன் சென்டிமீட்டர் (திருகும் விசையின் அளவு) வந்தால்தான் உடனே பல் மாட்டத் துணிவோம். மாட்டிய பிறகு 100 முதல் 150 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் அது அசைந்துகொண்டிருந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். பிறகு அதைக் கழற்றி எறிய வேண்டியதுதான்.

ஆகவே மூன்றாம் நாள் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிக அக்ரிலிக் பல். அதை வைத்துக்கொண்டு ஆறு முதல் எட்டு வாரம் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம் என்று ஓட்ட வேண்டும். எலும்பு பிணைந்து, ஈறு வற்றி அடங்கியபின் மறுபடி அளவெடுத்து நிரந்தரப் பல் செய்வார்கள். ‘இறுக்கம் போதவில்லை என்றால் அன்று என்ன செய்வீர்கள்?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். ‘பழைய செட்டையே உள்ளே மெத்தென்று மாற்றித் தருவோம், சில மாதம் காத்திருப்போம்’ என்றால் நல்ல பதில். ‘எங்களிடம் அப்படி வராது’ என்றால் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. சில இடங்களில் ‘பேசல்’ அல்லது ‘கார்டிகல்’ என்று சொல்லி, ஒரே துண்டாக உள்ள இம்ப்ளாண்டுகளை எலும்பின் கெட்டியான புறப்பகுதியில் பதித்துச் சில நாட்களிலேயே நிரந்தரப் பல் கட்டிவிடுகிறார்கள். அதற்கான நீண்டகால ஆதாரம் வழக்கமான வகைக்கு இருக்கும் அளவு இல்லை. எந்த வகை வைக்கப்போகிறார்கள் என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒருவர் நான்கு போதும் என்கிறார், ஒருவர் ஆறு என்கிறார், மூன்றாமவர் எட்டு வைத்து எலும்பும் சேர்க்க வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? – வேளச்சேரி வாசகர்

மூவருமே சரியாக இருக்கலாம். கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு கெட்டி. அங்கே நான்கு நன்றாகத் தாங்கும். மேல்தாடை எலும்பு மென்மையானது. கடைவாய்ப் பல் போன இடத்தில் சைனஸ் அறை கீழே இறங்கி எலும்பை மெலியவைத்துவிடும். அங்கே ஆறு வைப்பதில் தவறில்லை. எதிர்வரிசையில் சொந்தப் பல் இருக்கிறதா, இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

எனக்குள்ள சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: மேல்தாடையில் இடம் இருந்தால் நான்குக்குப் பதில் ஆறையே விரும்புவேன். நான்கில் ஒன்று தவறினால் பல்வரிசை முழுவதும் ஆட்டம் காணும். ஆறில் ஒன்று தவறினால் சமாளிக்க இடமிருக்கும். எலும்பு அறவே இல்லாதவர்களுக்குக் கன்ன எலும்பில் பதிக்கும் நீண்ட சைகோமா இம்ப்ளாண்டுகள் இருக்கின்றன. அது முகத்தாடை அறுவைச் சிகிச்சையில் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. முப்பரிமாண சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்காமல் சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து எண்ணிக்கை சொல்பவரிடம் விவாதிக்க வேண்டாம்.

வயது 72. சர்க்கரை இருக்கிறது, மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி) 8.6. போன ஆண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறேன். மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச்சொன்னார் பல் மருத்துவர். – ஆதம்பாக்கம் வாசகர்

நிறுத்தாதீர்கள். உங்கள் இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். வாயில் வரும் ரத்தக்கசிவை அழுத்திப் பிடித்தும், தையல் போட்டும், மருந்து நனைத்த பஞ்சு வைத்தும் நிறுத்த எங்களால் முடியும். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் பல் நாற்காலியில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால், அவசரமில்லாத இந்தச் சிகிச்சையையே தள்ளிப்போடுவோம். உங்களுக்கு எவ்வளவு காலம் இரட்டை மாத்திரை என்பதை இதய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரையாகக் குறையும்வரை காத்திருப்பதே நல்லது என்று அவர் சொல்லவும் கூடும்.

வயது தடையே இல்லை. 72-இல் வைக்கலாம், 82-இலும் வைக்கலாம். தடை அந்த 8.6. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது புண் ஆறுவது தாமதமாகும், கிருமித் தொற்று எளிதில் வரும், பின்னாளில் இம்ப்ளாண்டைச் சுற்றி எலும்பு கரையும் வாய்ப்பும் கூடும். 7-ஐ ஒட்டி வந்தால் நிம்மதியாக வைக்கலாம். 8-க்கு மேல் இருந்தால் நான் காத்திருக்கச் சொல்வேன். புகையும் இருந்தால் முதலில் அதை விடுங்கள். பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்கு வாயே சரியாகத் திறக்காமல் போவதுண்டு. கருவியை உள்ளே நுழைக்க இடமில்லாதபோது இம்ப்ளாண்ட் பற்றிப் பேசிப் பயனில்லை.

அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். ஆண்டுக்கொரு முறை ஊசி போடுகிறார்கள். இதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா? – அண்ணா நகர் வாசகி

கட்டாயம். அது சொலெட்ரோனிக் அமிலமாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுவது டெனோசுமாப். இவை எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள். பல் பிடுங்கிய இடத்திலோ இம்ப்ளாண்ட் வைத்த இடத்திலோ தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் சிக்கல் இவற்றால் வரக்கூடும். எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் அது அரிது. புற்றுநோய்க்காக மாதாமாதம் அதிக அளவில் போடுகிறவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பயந்துகொண்டு ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டெனோசுமாபைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் கூடுகிறது.

எட்டுப் பற்கள் இன்னும் ஆடாமல் இருக்கின்றன. அவற்றையும் எடுத்துவிட்டு முழுவதும் இம்ப்ளாண்ட் வைத்தால் ‘ஒரே வேலையாக முடியும்’ என்கிறார்கள். – மடிப்பாக்கம் வாசகர்

யாருக்கு வேலை முடியும்? ஆடாத பல்லை எடுப்பதற்கு முன் ஈறு நிபுணர் ஒருவரிடம் இரண்டாம் கருத்துக் கேளுங்கள். எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது.

மூன்று இடத்தில் விலை கேட்டோம். ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம். ஏன்? – குரோம்பேட்டை வாசகி

அவர்கள் மூன்று வெவ்வேறு பொருட்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டீர்கள். ‘ஒரு இம்ப்ளாண்ட் இவ்வளவு’ என்ற கணக்கில் எலும்புக்குள் போகும் ஸ்க்ரூ மட்டும் இருக்கலாம். அதன்மேல் வரும் இணைப்புத் துண்டு, ஸ்கேன், பல் பிடுங்குவது, எலும்புத் தூள், தற்காலிகப் பல், நிரந்தரப் பல் எல்லாம் அடுத்தடுத்த ரசீதுகளில் வரும். நிரந்தரப் பல்லிலேயே டைட்டானியச் சட்டத்தின் மேல் அக்ரிலிக் பல் ஒரு விலை, பீங்கான் வகையான சிர்கோனியாவிலேயே முழுதும் செய்தால் இன்னொரு விலை. அக்ரிலிக் தேயும், உடையும். ஆனால் சரிசெய்வது எளிது. சிர்கோனியா பார்வைக்கும் உழைப்புக்கும் நல்லது; உடைந்தால் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். மேலும் கீழும் சிர்கோனியா என்றால் சாப்பிடும்போது டக்டக்கென்று சத்தம் கேட்பதாகச் சிலர் சொல்வதுண்டு.

எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே தொகையை எழுத்தில் கேளுங்கள். ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, கொரியா, இந்தியா என்று பல நாட்டு இம்ப்ளாண்டுகள் சந்தையில் உள்ளன. கொரிய வகையில் குறையொன்றும் இல்லை. ஊர் பேர் தெரியாததுதான் வேண்டாம். ஒவ்வொரு இம்ப்ளாண்டின் உறையிலும் நிறுவனம், விட்டம், நீளம், தயாரிப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இம்ப்ளாண்டுக்கென்று தனி எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) பிரிவு கிடையாது. செயற்கைப்பல், ஈறு, முகத்தாடை அறுவை ஆகிய பிரிவினர் செய்கிறார்கள்; பயிற்சி பெற்ற பி.டி.எஸ். மருத்துவர்களும் செய்கிறார்கள். ‘முழு வாய்க்கு நீங்கள் கட்டிய பல், ஐந்து ஆண்டுக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று படம் காட்டுங்கள்’ என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செலவு கட்டுப்படியாகாதவர்கள் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நகரைச் சுற்றியுள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம். நேரம் பிடிக்கும், கூட்டம் இருக்கும். மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தரும் என்று எண்ண வேண்டாம். விபத்தில் பல் போயிருந்தால் ஒழியப் பெரும்பாலான பாலிசிகள் பல் சிகிச்சையை விலக்கிவைத்திருக்கின்றன.

மாமியாருக்குப் பார்கின்சன் நோய், கை நடுங்குகிறது. கழற்றாத பல் கட்டிவிட்டால் அவருக்குத் தொல்லை இருக்காது அல்லவா? – தாம்பரம் வாசகி

அன்பால் கேட்கிறீர்கள், ஆனால் தொல்லை உங்களுக்கு வரும். கழற்றாத பல்லின் அடியில் உணவு சேரும். சிறு இடுக்கு பிரஷ்ஷோ நீரைப் பீய்ச்சும் கருவியோ கொண்டு தினமும் சுத்தம் செய்யாவிட்டால் ஈறு வீங்கி, எலும்பு கரையத் தொடங்கும். இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. இந்த நோய் வரும், அதுவும் வலியில்லாமல் வரும். நடுங்கும் கையால் அவரால் அதைச் செய்ய முடியாது. இன்னொருவர் வாய்க்குள் தினமும் செய்வதும் எளிதல்ல.

கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டு இம்ப்ளாண்ட் மட்டும் வைத்து, சட்டைப் பித்தான்போல் ‘டக்’கென்று மாட்டும் பல்செட் செய்யலாம். இரவில் கழற்றிக் குழாயடியில் கழுவி வைத்துவிடலாம். பல் முழுதும் இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். செலவும் வெகுவாகக் குறையும். பெரம்பூர் வாசகியும் இதை அப்பாவிடம் சொல்லிப் பார்க்கலாம். அவருக்கு மேல் செட் பரவாயில்லை என்றுதானே எழுதியிருக்கிறார். மாட்டும் இடத்திலுள்ள நைலான் வளையம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும், சின்ன வேலைதான்.

முறுக்கு, நல்லி எலும்பு சாப்பிடலாமா? – ராயபுரம் வாசகர்

நிரந்தரப் பல் வந்தபின் முறுக்கு சாப்பிடலாம். நல்லியை உறிஞ்சுங்கள், கடிக்க வேண்டாம். சொந்தப் பல்லைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வு ‘இதற்குமேல் அழுத்தாதே’ என்று மூளைக்குச் சொல்லும். இம்ப்ளாண்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது. எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்பதே தெரியாமல் கடித்து உடைப்பவர்கள் உண்டு.

டைட்டானியம் வாயில் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? – கொளத்தூர் வாசகி

எடுக்கலாம். தாடை அருகே படம் கொஞ்சம் மங்கும். எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கழற்றும் செட் என்றால் கழற்றிவிட்டுப் போங்கள்.

ஆண்டில் ஆறு மாதம் மகனோடு அமெரிக்காவில் இருக்கிறேன். பல்லை இங்கே கட்டிக்கொள்ளலாமா? – மயிலாப்பூர் வாசகர்

கட்டிக்கொள்ளலாம். ஆனால் பயணத்துக்கு நடுவில் அவசரமாகச் செய்யாதீர்கள். இம்ப்ளாண்ட் வைத்த முதல் சில வாரங்களும், நிரந்தரப் பல் மாட்டியபின் கடி சரிபார்க்கும் சில வாரங்களும் சென்னையில் இருக்குமாறு டிக்கெட் போடுங்கள். பசையால் ஒட்டும் பல் வேண்டாம், ஸ்க்ரூவால் முடுக்கும் பல்லாகக் கேளுங்கள். அங்குள்ள மருத்துவரும் கழற்றிப் பார்க்க முடியும். அதற்கு அந்த ஸ்டிக்கர் அட்டை, எந்த வகை ஸ்க்ரூ, எந்த அளவு திருகி என்ற குறிப்பு, ஸ்கேன் கோப்பு மூன்றும் உங்கள் கைப்பெட்டியில் இருக்க வேண்டும். இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதற்காகப் பல்மேல் மாட்டும் உறையையும் இங்கேயே செய்துகொண்டு போங்கள். அங்கே செய்ய ஆகும் செலவை மகனிடம் கேட்டுப் பாருங்கள்.