அனைவரும் வருக என்றால் நீங்களும்தான்

சிதம்பரம், அண்ணாமலை நகர் வட்டாரத்தில் வரும் மாதங்களில் நடக்கும் கூட்டங்கள், விழாக்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. இந்த ஊரில் 38 ஆண்டுகள் அச்சகம் நடத்தி, பெரும்பாலும் அழைப்பிதழ்களாகவே அச்சடித்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் படிக்கும் துறையில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று ஓர் அழைப்பிதழ் கொண்டுவந்தாள். அடியில் ‘அனைவரும் வருக’ என்று இருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். என் போன்றவர்கள் போய் உட்காரலாமா? அது வெறும் மரியாதைக்குப் போடும் வரிதானா?
– புவனகிரி வாசகி

பதில்: அம்மா, அந்த வரியை எத்தனை முறை அச்சுக் கோத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு முறையும் கோத்துக் கலைக்க அலுப்பாக இருக்கும் என்று, ‘அனைவரும் வருக’ என்ற வரியை மட்டும் நூல் சுற்றித் தனியே எடுத்து வைத்திருப்போம். அழைப்பிதழில் பெயர்களை மாற்றச் சொல்வார்கள், பட்டங்களைச் சேர்க்கச் சொல்வார்கள், எழுத்தைப் பெரிதாக்கச் சொல்வார்கள். அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. தாராளமாகப் போங்கள்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பதன் கதை எளியது. தந்தையின் நினைவாகவோ ஆசிரியரின் நினைவாகவோ ஒருவர் ஒரு தொகையை வைப்பில் போட்டுவிட்டுப் போகிறார். வட்டியில் ஆண்டுக்கு ஒரு பேச்சு நடக்கிறது. அந்தப் பெயர் நாலு பேர் காதில் விழவேண்டும் என்பதுதான் பணம் கொடுத்தவரின் ஆசை. அந்த நாலு பேரில் நீங்கள் ஒருவர். வகுப்பிலிருந்து வரிசையாக அழைத்துவரப்படும் மாணவர்களுக்கு மதிய உணவு மணி மேல் கண் இருக்கும். தானாகத் தேடி வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தைப் பார்த்தால் பேசுகிறவருக்கும் தெம்பு வரும். மார்ச் நெருங்க நெருங்க இந்த வகை அழைப்பிதழ்கள் குவியும். கணக்கு முடிக்கும் மாதம் அல்லவா! என் அச்சகத்துக்கு அதுதான் தீபாவளி.

அழைப்பிதழை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். காலை 10.30 என்று இருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, அதன் கீழே வாழ்த்துரை என்று பெயர்கள். நீங்கள் கேட்கப்போகும் சிறப்புரை அதற்கும் கீழே. வாழ்த்துரைப் பெயர்களை எண்ணி ஆளுக்குப் பத்து நிமிடம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. ஒரு கல்லூரிக்கு அடித்த அழைப்பிதழில் வாழ்த்துரைப் பெயர் ஒன்று விட்டுப்போனது. அவர்கள் எழுதிக் கொடுத்த தாளிலேயே அது இல்லை. ஆனாலும் 400 பிரதிகளை என் செலவில் மறுபடி அடித்தேன். விழாவுக்கும் போனேன். அந்தப் பெயருக்கு உரியவர் வரவே இல்லை.

வாயிலில் காவலர் கேட்டால் அழைப்பிதழைக் காட்டுங்கள். முதல் வரிசை விருந்தினருக்கு என்று விட்டுவைத்திருப்பார்கள். மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். மகள் கூச்சப்பட்டால் அவள் தோழிகளோடு இருக்கட்டும், நீங்கள் தனியே கேளுங்கள்.

கேள்வி: பிப்ரவரியில் அறிவியல் கூட்டங்கள் நிறைய நடக்கும் என்கிறார்கள். போனால் எல்லாம் ஆங்கிலம். பாதிதான் புரிகிறது. எழுந்து கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.
– பரங்கிப்பேட்டை மாணவர்

பதில்: தம்பி, முதலில் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். 1971-ல் ஈரானின் ராம்சர் நகரத்தில் ஈரநிலங்களைக் காக்க உடன்படிக்கை கையெழுத்தான நாள் அது. அந்த உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் நம் பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022-ல் சேர்ந்தது. பிப்ரவரி 21 தாய்மொழி நாள். தமிழ்த் துறைகள் விடமாட்டார்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், 1928-ல் சர் சி. வி. ராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்த நாள். இவற்றை ஒட்டித்தான் பேச்சுகள் வைப்பார்கள். உங்கள் ஊரிலேயே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வாரம் ஒரு முறை அதன் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வாருங்கள். பலகையில் ஒட்டிய தாள் கண்ணில் படுவதுபோல் கைப்பேசிச் செய்தி படுவதில்லை. இது அச்சுக்காரனின் ஓரவஞ்சனை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அலையாத்திக் காடுகள் பற்றி ஒரு கூட்டம். பேசியவர் நல்ல அறிஞர். ‘எக்ஸோகேரியா அகலோச்சா’ என்ற மரத்தைப் பற்றிப் படம் படமாகக் காட்டிக்கொண்டே போனார். அரங்கம் தலையாட்டிக்கொண்டிருந்தது. நானும்தான். கேள்வி நேரத்தில் கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். வலை இழுத்துக் காய்ப்பேறிய கை. “ஐயா, நீங்கள் காட்டியது தில்லை மரம்தானே? அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று நாங்கள் வெட்ட மாட்டோமே, அதுதானே?” என்று கேட்டார்.

அவ்வளவுதான், அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. தில்லை! நாங்கள் குடியிருக்கும் ஊரின் பழைய பெயர். தில்லைவனம், தில்லைக்கூத்தன், தில்லைக்காளி என்று நாள்தோறும் சொல்கிறோம். என் அச்சகத்தின் பெயர்ப்பலகையிலேயே தில்லை இருந்தது. அந்த மரம் ஊருக்குள் இல்லாமல் போய், பிச்சாவரத்துச் சேற்றில் நிற்கிறது என்பதை அன்றைக்குத்தான் பலர் அறிந்தோம். பேச்சாளர் தம் குறிப்பேட்டை எடுத்து அந்தப் பெரியவரிடம் மேலும் நாலைந்து மரங்களுக்குப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். பரங்கிப்பேட்டைக்காரருக்குத் தெரிந்த மீன் பெயர்களில் பாதி, மேடையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது. தமிழிலேயே கேளுங்கள்.

கேள்வி: நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் எங்கள் ஊர்க்காரர். சிதம்பரத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா? அவருக்கு அங்கே விழா எடுக்கிறார்களா?
– சீர்காழி வாசகர்

பதில்: தொடர்பு உண்டாவா? நூலகர்கள் உலகெங்கும் பாடமாகப் படிக்கும் அவருடைய ஐந்து விதிகளை அவர் முதன்முதலில் பொதுமேடையில் சொன்னது இங்கேதான். 1928 டிசம்பர். அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறக்கவில்லை. அது 1929-ல் வந்தது. இருந்தது மீனாட்சி கல்லூரி. அங்கே ஒரு கல்வி மாநாடு, கூடியவர்கள் ஆசிரியர்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன் வந்து பேசினார். புத்தகமாக வந்தது 1931-ல்தான். ஆக, புத்தகத்துக்கு முன்பே அந்த விதிகளைக் காதால் கேட்டவர்கள் இந்த ஊரில் கூடிய அந்த ஆசிரியர்கள். அன்றைய அழைப்பிதழ் ஒன்று கிடைத்தால் என் டிரங்குப் பெட்டியில் இருக்கும் அத்தனை அழைப்பிதழ்களையும் கொடுத்து அதை வாங்கிக்கொள்வேன்.

விதிகள் எளிமையானவை. நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. நூலகம் வளரும் உயிர். இதில் நான்காவதைக் கூட்டம் நடத்துகிறவர்கள் எல்லாரும் மேடைக்குப் பின்னால் எழுதி ஒட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நூலுக்குச் சொன்னது பேச்சுக்கும் பொருந்தாதா?

அவர் பிறந்தநாளை ஆகஸ்ட் 12-ல் நூலகர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். கிளை நூலகத்தில் கேட்டு வையுங்கள். நீங்கள் சீர்காழிக்காரர் என்று சொன்னால் மேடையில் ஏற்றிவிடுவார்கள், ஜாக்கிரதை.

கேள்வி: இந்த ஆண்டு நாட்டியாஞ்சலிக்குக் குடும்பத்தோடு வர எண்ணம். டிக்கெட் எங்கே வாங்குவது? எந்த மேடை நல்லது?
– சென்னை வாசகர்

பதில்: டிக்கெட் கிடையாது. 1981 முதல் நடராஜருக்கு நடந்துவரும் நாட்டிய விழா. மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும். ஆடுகிறவர்கள் சம்பளத்துக்கு ஆடுவதில்லை, அஞ்சலியாக ஆடுகிறார்கள். அதனால் புகழ்பெற்றவரும், சலங்கை கட்டி இரண்டு ஆண்டுகூட ஆகாத சிறுமியும் அடுத்தடுத்து வருவார்கள். இரண்டையும் பாருங்கள். இப்போது கோயிலுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று விழா இரண்டாகிவிட்டது. எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் இந்த ஊரில் குடியிருக்க வேண்டும்.

பகலிலேயே வந்துவிடுங்கள். கோபுர வாயில்களின் உள்சுவரில் செதுக்கியிருக்கும் கரணச் சிற்பங்களை, அதாவது நாட்டிய நிலைகளை, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இரவு ஆட்டத்துக்கு உட்கார்ந்தால், கல்லில் பார்த்த கால் மேடையில் நகர்வது தெரியும். விரிக்க ஒரு ஜமக்காளம், பிள்ளைகளுக்கு ஒரு போர்வை. மாசிப் பனி இன்னும் இருக்கும். அறைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாப்பாட்டுக்கு எங்கே நுழைந்தாலும் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: மாசி மகத்தன்று கிள்ளையில் என்ன விசேஷம்?
– விருத்தாசலம் வாசகி

பதில்: ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கடல் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வருகிறார். வழியில் தர்காவின் முன் இஸ்லாமியர்கள் அவரை வரவேற்கிறார்கள். என் தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஊர்வலம் நேரம் தவறித்தான் வரும், வெயிலுக்குக் குடை கொண்டுபோங்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு இலக்கியக் கூட்டம் நடத்துகிறோம். பேச்சாளர்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் வருவது எட்டுப் பேர். அதில் மூவர் நிர்வாகிகள். என்ன செய்யலாம்?
– காட்டுமன்னார்கோயில் வாசகர்

பதில்: நீங்கள் கேள்வியோடு அனுப்பிய சென்ற மாத அழைப்பிதழைப் பார்த்தேன். மாலை 6 மணிக் கூட்டத்தில் சிறப்புரைக்கு முன் ஏழு பெயர்கள். இரவு ஒன்பதுக்குள் பஸ் பிடிக்க வேண்டிய ஆள் எப்படி வருவார்? வந்தாலும் பேச்சாளர் வாயைத் திறக்கும் நேரத்தில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். வரவேற்புரை இரண்டு நிமிடம், உடனே பேச்சு, பிறகு அரை மணி நேரம் கேள்வி, தேநீர். வாழ்த்த நினைப்பவர்கள் தேநீர் நேரத்தில் வாழ்த்தட்டும். எட்டுப் பேர் என்பது குறைவும் இல்லை. அந்த எட்டுப் பேரையும் வட்டமாக உட்காரவைத்தால் போதும், ஒலிபெருக்கி வாடகை மிச்சம்.

அடுத்த கூட்டம் எப்போது என்று ஓர் அஞ்சலட்டை போடுங்கள். ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருப்பேன், உங்கள் கணக்கில் ஒன்பதாவது ஆளாக. பொன்னாடையைக் கண்டால் மட்டும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.