அரசமைப்பு நூல் இல்லாத நாட்டில் எதை நம்பி வழக்குப் போடுவது?

கேள்வி: 11 ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசிக்கிறேன். ஒரு அரசுத் துறை என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. மேல்முறையீடு செய்ய, அமைச்சர் போட்ட உத்தரவின்படி கட்டணம் கட்ட வேண்டும். வாடகை போக என் கையில் அவ்வளவு மிஞ்சாது. அந்த உத்தரவையே எதிர்த்து கோர்ட்டுக்குப் போகிறேன் என்றேன். "இது இந்தியா இல்லை. அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் போக வழிவிடும் 32-வது பிரிவைக் காட்டுவதற்கு இங்கே அரசமைப்பே கிடையாது" என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: அரசமைப்பு என்று ஒரே நூலாகக் கட்டிய ஆவணம் பிரிட்டனில் இல்லைதான். ஆனால் அரசமைப்பு இருக்கிறது. சட்டங்களும் தீர்ப்புகளும் நாடாளுமன்ற மரபுகளுமாக 800 ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பும் அதில்தான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, கட்டணத்தை விதித்தது யார் என்பது. நாடாளுமன்றம் நேரடியாகச் சட்டத்தில் எழுதியதா, ஏதோ ஒரு சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்து அமைச்சர் உத்தரவாகப் போட்டாரா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது. அது உங்களுக்குச் சாதகம். நாட்டின் சட்டம் அனுமதிக்கும் அதிகாரத்துக்கு மேல் மன்னருக்கே எதுவும் கிடையாது என்று நீதிபதி எட்வர்ட் கோக் 1610-இல் சொன்னது இன்றும் செல்லுபடியாகும் சட்டம். அமைச்சர் எல்லை தாண்டினால் அவர் உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம்.

உங்கள் பிரச்சினைக்கு அச்சாகப் பொருந்தும் வழக்கு ஒன்று உண்டு. 2013 ஜூலையிலிருந்து, வேலைத் தீர்ப்பாயத்தில் முதலாளிமீது வழக்குப் போடும் ஊழியர்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. முறையற்ற பணிநீக்கம், பாகுபாடு போன்ற வழக்குகள் விசாரணை வரை போனால் 1,200 பவுண்டு. வழக்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனது. யூனிசன் என்ற தொழிற்சங்கம் எதிர்த்து வழக்காடியது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது, மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது, ஆனாலும் விடவில்லை. 2017 ஜூலை 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அந்த உத்தரவு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றார்கள். வசூலித்த பணத்தை அரசு திருப்பித் தர வேண்டியதாயிற்று.

அந்தத் தீர்ப்பின் காரணத்தை நிதானமாகப் படியுங்கள். 'கட்டணம் விதிக்கலாம்' என்று சட்டம் பொதுவாகச் சொல்லியிருந்தால், ஏழைக்கு நீதிமன்றக் கதவை அடைக்கும் அளவுக்கு விதிக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. அப்படி அடைப்பதானால் நாடாளுமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். தீர்ப்பை எழுதிய நீதிபதி ரீட் பிரபு இதற்கு, மன்னர் தன் அதிகாரத்துக்கு வரம்பு ஒப்புக்கொண்ட 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனத்தையே சான்றாக எடுத்தார்: நீதியை விற்கமாட்டோம், மறுக்கமாட்டோம், தாமதப்படுத்தமாட்டோம். புதிய சட்டம் எதையும் இயற்றாமலேயே அரசமைப்பு அன்று ஓரடி முன்னே போனது. சம்பளம் கிடைக்காதவர், வேலை போனவர் என்று யாரோ ஒருவரின் வயிற்றுப்பாட்டிலிருந்துதான் இங்கே பெரிய கோட்பாடுகள் பிறக்கின்றன. நான் இந்தச் சட்டத்தை நேசிப்பதும் அதனால்தான்.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதில் உள்ள உண்மைக்கு வருகிறேன். நாடாளுமன்றமே தெளிவாக இயற்றிய சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் இங்கே நீதிமன்றத்துக்கு இல்லை. 1998 மனித உரிமைகள் சட்டத்தின்படி 'இது உரிமைகளோடு பொருந்தவில்லை' என்று அறிவிக்கலாம், அவ்வளவுதான். திருத்த வேண்டியது நாடாளுமன்றம். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று 2011-இல் சட்டம் போட்டார்கள், 2022-இல் நீக்கிவிட்டார்கள். மரபுகளோ நீதிமன்றத்தில் நிற்பதே இல்லை. 1909-இல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை மரபை மீறி வரவுசெலவுத் திட்டத்தை நிராகரித்தபோது எந்த நீதிபதியும் தலையிடவில்லை. இரண்டு பொதுத் தேர்தல்களுக்குப் பிறகு, 1911-இல் நாடாளுமன்றச் சட்டம்தான் அந்தச் சபையின் கையைக் கட்டியது.

இதில் உங்களை நேரடியாகத் தொடும் மாற்றம் ஒன்றும் உண்டு. மேல்முறையீட்டின் இரண்டாம் கட்டமான மேல் தீர்ப்பாயம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் வழி திறந்தது. 2022-இல் நாடாளுமன்றம் சில விதிவிலக்குகள் தவிர அதை அடைத்துவிட்டது. ஆகவே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தக் கட்டத்தையும் தவறவிடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. கட்டண விலக்கோ தள்ளுபடியோ உண்டா என்று பார்த்து, இருந்தால் இன்றே விண்ணப்பியுங்கள். அதைக்கூடக் கேட்காமல் வந்தவர் என்றால் நீதிபதி முதலில் அதைத்தான் கேட்பார். மறுத்தால் மறுப்புக் கடிதமே உங்கள் சான்று. வருமானம், வாடகை, வீட்டுச் செலவு ஆகியவற்றுக்கு ஆதாரம் சேர்த்து வையுங்கள். உத்தரவை எதிர்ப்பதற்கான வழி நீதிமுறை மறுஆய்வு, அதாவது அரசின் செயல் சட்டப்படி சரியா என்று உயர் நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் வழக்கு. தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உத்தரவு பழையதாக இருந்தால், அது உங்களைப் பாதித்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று வாதிட இடமுண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மேல்முறையீட்டுக்கான கெடு தனி, அது இன்னும் குறைவாக இருக்கக்கூடும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம் என்பதால், சட்ட உதவி கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். நிராகரிப்புக் கடிதத்தையும் அந்த உத்தரவின் நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அரசுக்கு எதிரான வழக்குகளுக்கான பொதுச் சட்டம் தெரிந்த ஒரு சொலிசிட்டரை (வழக்கறிஞரை) பாருங்கள்.